14 கணினி உள்ள வகுப்பறைக்கு ஒரு சேர்வர்: என்ன வாங்கலாம், எப்படி அமைக்கலாம்?

வாவிமீன் (களுவாஞ்சிகுடி):

வணக்கம். களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் சாதாரண தர, உயர்தர வகுப்புகளுக்கு ஐசிடி படிப்பிக்கிறேன். கணினி அறையில் 14 மேசைக் கணினிகள் இருக்கு. பத்தில் விண்டோஸ் 10, நாலில் விண்டோஸ் 11 ப்ரோ. பைபர் இணைப்போடு தந்த ரவுட்டர் ஒன்று, 8 போர்ட் 100 மெகாபிட் சுவிட்ச் இரண்டு, யூஎஸ்பி லேசர் பிரிண்டர் ஒன்று.

இப்ப வினாத்தாள், செய்முறைப் பைல் எல்லாம் பென் டிரைவில்தான் ஒவ்வொரு கணினிக்கும் போகுது. வைரஸும் அதிலேயே போகுது. ஒரு கணினியில் போல்டரை ஷெயார் பண்ணி வைத்தால், யாராவது அந்தக் கணினியை நிப்பாட்டினதும் வகுப்பே நின்று போகுது. எப்பவும் ஓடுற ஒரு சேர்வர் வைக்க நிர்வாகம் சம்மதித்திருக்கு. ஆனால் புதிய பிராண்ட் சேர்வர் வாங்குற அளவுக்குக் காசு இல்லை.

அதில் நடக்க வேண்டியது இவ்வளவுதான். ஆசிரியர் போடுற பாடங்களை மாணவர் வாசிக்க வேணும், மாற்றக் கூடாது. 60 மாணவர் வரை இருக்கினம். ஆளுக்கொரு போல்டர், ஒருவருடையதை மற்றவர் பார்க்க ஏலாமல், ஆசிரியர் மட்டும் எல்லாம் பார்க்கக் கூடியதாக. உயர்தரப் பிள்ளைகள் பிஎச்பி, மைஎஸ்கியூஎல் பழக வேணும். எல்லாக் கணினியிலும் இருந்து பிரிண்ட் எடுக்க வேணும். கரண்ட் போனால் பைல் கெடக் கூடாது.

விண்டோஸ் சேர்வரா, லினக்ஸா? யூபிஎஸ் கட்டாயமா? பழைய வினாத்தாள் கனக்க பாமினி எழுத்துருவில் இருக்கு, பைல் பெயர்களும் தமிழில்தான் வைத்திருக்கிறோம். அதனால் ஏதும் சிக்கல் வருமா?

---

எழுவான்கரை:

டீச்சர், இந்த அளவுக்குப் பாவித்த அலுவலகக் கணினி ஒன்றே தாராளம். கோர் ஐ5, 6 தொடக்கம் 8ஆம் தலைமுறை, 16 ஜிபி ராம். வாங்கும்போது வேகத்தை விட பெட்டியின் அளவைப் பாருங்க. உள்ளங்கை அளவுப் பெட்டி பார்க்க வடிவு, ஆனால் அதற்குள் 3.5 அங்குல ஹாட் டிஸ்க் ஒன்று கூட நுழையாது. டவர் வகை எடுங்க. மூடியைத் திறந்து, இரண்டு ஹாட் டிஸ்க்குக்கு இடம் இருக்கா, சாட்டா பவர் வயர் மூன்று வருதா என்று எண்ணிப் பார்த்துத்தான் காசைக் குடுங்க. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று சிஸ்டத்துக்கு, 2 டிபி ஹாட் டிஸ்க் இரண்டு தரவுக்கு. ஹாட் டிஸ்க் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் எழுதும்) வகை என்று மொடல் நம்பரை வைத்து உறுதிப்படுத்துங்க. எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படும்) டிஸ்க் சும்மா பாவிக்கும்போது வித்தியாசம் தெரியாது. ஒரு டிஸ்க் பழுதாகி மாற்றினபிறகு முழுத் தரவையும் திரும்ப எழுதும்போதுதான் அது இழுத்தடிக்கும், சிலவேளை இடையில் கழன்றும் போகும்.

விண்டோஸ் சேர்வர் வேணாம். சேர்வர் உரிமத்துக்கு மேலே, அதில் இணையும் ஒவ்வொரு பயனருக்கோ கணினிக்கோ தனி உரிமம் வாங்க வேணும். சாதாரண விண்டோஸ் 11ஐ வைத்து ஷெயார் பண்ணலாம்தான், ஆனால் உரிமப்படி 20 சாதனத்துக்கு மேல் இணைக்க ஏலாது. அப்டேட் வந்தால் பாடத்துக்கு நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகவும் பார்க்கும். லினக்ஸ் போடுங்க: உபுண்டு சேர்வர் 24.04 அல்லது டெபியன் 13. உபுண்டு 24.04க்கு 2029 வரை இலவச அப்டேட் வரும்.

உபுண்டு நிறுவும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. டிஸ்க் பிரிக்கும் திரையில் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பங்கிடும் முறை) தெரிவு இயல்பாகவே டிக் ஆகி இருக்கும். 200 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கில் அது 100 ஜிபியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்காமல் விடும். அந்தத் திரையிலேயே அளவை முழுதாகக் கூட்டுங்க. இல்லாட்டி ஒரு வருசத்துக்குப் பிறகு, பாதி டிஸ்க் காலியாக இருக்கும்போதே இடம் இல்லை என்று சேர்வர் நிற்கும்.

அடுத்தது முகவரி. சேர்வருக்கு மாறாத ஐபி வேணும். ரவுட்டர் தந்தபடி 192.168.1 வரிசையில் விடாதீங்க. வீடுகளில் இருக்கிற ரவுட்டர் பெரும்பாலும் அதே வரிசைதான். நாளைக்கு வீட்டிலிருந்து விபிஎன் வழியாகச் சேர்வருக்குள் வரப் பார்த்தால் இரண்டும் முட்டும். ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.37.1 என்று மாற்றுங்க. சேர்வர் 192.168.37.2. மற்றக் கணினிகளுக்கு டிஎச்சிபி (முகவரியைத் தானாகக் குடுக்கும் முறை) 100 தொடக்கம் 199 வரை. டிஎச்சிபி குடுக்கிறது ரவுட்டர் மட்டுமாக இருக்கட்டும். பழைய வைபை ரவுட்டர் ஒன்றைச் சுவிட்ச் மாதிரிப் பாவிக்கக் கொளுவினால் அதுவும் முகவரி குடுக்கத் தொடங்கும். அப்ப பாதிக் கணினிக்கு இன்டர்நெட் இருக்கும், பாதிக்கு இராது. ஒரு கணினி 169.254 என்று தொடங்கும் முகவரி காட்டினால் அதற்கு யாருமே முகவரி குடுக்கவில்லை என்று அர்த்தம், வயரைப் பாருங்க.

ஐபியை நிறுவும்போதே போட்டுவிடுங்க. பிறகு மாற்றுவதென்றால் நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வேர்க் அமைப்பு) பைலில் டாப் விசை பாவிக்காதீங்க, ஸ்பேஸ் மட்டும்தான். மாற்றினபிறகு அப்ளை குடுக்காமல் ட்ரை குடுங்க. 120 செக்கனுக்குள் நீங்கள் உறுதிசெய்யாட்டி அது பழைய நிலைக்குத் தானாகத் திரும்பும், வெளியில் மாட்டுப்பட மாட்டீங்க. பயர்வோலிலும் இதே கவனம் வேணும். யூஎஃப்டபிள்யூவை (உபுண்டுவின் பயர்வோல்) இயக்க முதல் எஸ்எஸ்எச்சை (வேறு கணினியிலிருந்து சேர்வரை இயக்கும் வழி) அனுமதிக்க வேணும். பிறகு 445 (பைல் பகிர்வு), 80 (இணையப் பக்கம்) போர்ட் இரண்டையும் 192.168.37.0/24இலிருந்து மட்டும் திறங்க. ரவுட்டரில் போர்ட் போர்வேடிங் (வெளியிலிருந்து உள்ளே வழி திறப்பது) எதுவுமே வேணாம்.

தரவு டிஸ்க் இரண்டையும் எம்டிஅட்மின் கட்டளையால் ரெய்ட் 1 (ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும் முறை) ஆக்கி, எக்ஸ்ட்4 என்ற பைல் முறைமை போடுங்க. எளிது, எந்த லினக்ஸிலும் திறக்கும்.

பிரிண்டரைச் சேர்வரிலேயே குத்தி, லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸ் மூலம் பகிரலாம், அதற்குப் பயர்வோலில் 631ஐயும் அதே மாதிரித் திறக்க வேணும். அதற்கு முதல் உங்கட பிரிண்டர் மொடலுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கா என்று பாருங்க.

---

சம்மாந்துறை_வயர்:

டீச்சர், மேலே சொன்னது எல்லாம் சரி. நான் வயரும் கரண்டும் மட்டும் சொல்றேன். கூடுதலாகப் பிழைக்கிறது அங்கதான்.

சுவிட்ச் இரண்டையும் கழற்றுங்க. 14 கணினி, சேர்வர், ரவுட்டர் என்று எண்ணினாலே 16 போர்ட் முடிஞ்சு போச்சு. 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று எடுங்க, மனேஜ்ட் தேவையில்லை. கணக்கைப் பாருங்க: 700 எம்பி வீடியோ ஒன்றை 14 பேரும் ஒரே நேரத்தில் கொப்பி பண்ணினால் சேர்வர் அனுப்ப வேண்டியது கிட்டத்தட்ட 9.8 ஜிபி. 100 மெகாபிட்டில் செக்கனுக்கு 11, 12 எம்பிதான் போகும், ஆக 14 நிமிசம். கிகாபிட்டில் 110 எம்பி வரை போகும், ஒன்றரை நிமிசத்தில் வேலை முடியும். சேர்வருக்கு நல்ல ப்ரொசெசர் போட்டுட்டுச் சுவிட்சில் காசை மிச்சம் பிடிக்கிறது வீண்.

கேபிள் கெட்6, முழுச் செம்பு. பெட்டியில் சிசிஏ என்று இருந்தால் அது அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு, தொடவே வேணாம். இரண்டு தரம் மடிச்சால் உள்ளே முறியும். எங்கட கடற்கரைப் பக்க உப்புக் காற்றுக்கு, க்ரிம்ப் பண்ணின இடத்தில் பூச்சு கிழிஞ்சு அரிக்கத் தொடங்கும். கத்தியால் நுனியைச் சுரண்டிப் பாருங்க, உள்ளே வெள்ளையாகத் தெரிஞ்சால் திருப்பிக் குடுங்க. இரண்டு முனைக்கும் ஒரே நிற வரிசை: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். முறுக்கைப் பிரிக்கிறது அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கரண்ட் வயர் போற கேசிங்குக்குள் இதைப் போடாதீங்க.

பக்கத்துக் கட்டடத்துக்கும் நெட்வேர்க் வேணும் என்று பிறகு கேட்பாங்க. செம்பு கேபிளை வெளியால இழுக்காதீங்க. ஒக்டோபர், நவம்பர் இடிமின்னல் நேரம் அதுக்குள்ளால ஒரு தரம் வந்தாலே சுவிட்சும் சேர்வரும் சேர்ந்து போகும். கட்டடத்துக்குக் கட்டடம் பைபர், இல்லாட்டி வயர்லெஸ் பாலம்.

யூபிஎஸ் கட்டாயம். சேர்வர் 35 வோட், சுவிட்ச், ரவுட்டர் சேர்த்து 20 வோட் என்று வையுங்க. 650 விஏ யூபிஎஸ்சுக்குள் இருக்கிறது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஎச் பற்றரி, அதாவது 84 வோட் மணி. மாற்றும்போது போகும் நட்டம் எல்லாம் கழிச்சு, புதுசில் அரை மணித்தியாலம் நம்பலாம். அறை சூடு கூடக் கூட பற்றரி ஆயுள் குறையும். இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மாற்றக் காசு ஒதுக்கி வையுங்க. லேசர் பிரிண்டரை யூபிஎஸ்சில் குத்தவே கூடாது. அது சூடாகிற நேரம் ஆயிரம் வோட் அளவில் இழுக்கும், யூபிஎஸ் அப்படியே விழுந்திடும்.

வாங்கும்போது யூஎஸ்பி டேட்டா போர்ட் உள்ளதைக் கேட்டு வாங்குங்க. பற்றரி முடிய முதல் கரண்ட் வராட்டி சேர்வர் தானாக ஒழுங்காக நிற்க வேணும். 2022இல் மாதிரி தினமும் மணிக்கணக்கில் வெட்டு இல்லாட்டியும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போன மாதிரி ஒரு நாள் போதும். லினக்ஸில் நட் என்ற மென்பொருள் யூபிஎஸ்சோடு யூஎஸ்பியில் கதைக்கும். பெரிய பிராண்டுகளுக்கு யூஎஸ்பிஎச்ஐடி டிரைவர், மலிவு யூபிஎஸ்சுக்கு நட்டிஆர்வி_கியூஎக்ஸ். பற்றரியில் ஓடத் தொடங்கி 10 நிமிசத்தில் சேர்வரை நிப்பாட்டச் சொல்லுங்க. பற்றரி குறைவு என்ற செய்திக்காகக் காத்திருக்க வேணாம். பழைய பற்றரி 40 வீதம் என்று காட்டிட்டு அடுத்த நிமிசம் செத்துப் போகும்.

யூபிஎஸ்சில் டேட்டா போர்ட் இல்லாட்டி ஒரு வழி இருக்கு. பழைய ரவுட்டர் மாதிரி ஐபி உள்ள சாதனம் ஒன்றை, டிஎச்சிபியை நிப்பாட்டி, யூபிஎஸ்சில் இல்லாமல் நேரடி பிளக்கில் குத்துங்க. சேர்வர் நிமிசத்துக்கு ஒருக்கா அதுக்கு பிங் அனுப்பட்டும். தொடர்ந்து 10 தரம் பதில் வராட்டி கரண்ட் இல்லை என்று எடுத்து நிற்கட்டும்.

இதில் எல்லாரும் தடக்குப்படுற இடம் ஒன்று இருக்கு. பயோஸில் கரண்ட் வந்ததும் தானாக இயங்கும் தெரிவைப் போட்டிருப்பீங்க. சேர்வர் நின்றிடும், யூபிஎஸ் பற்றரி முடிய முதல் கரண்ட் வந்திடும். சேர்வரைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை, அதனால் அது எழும்பாது. காலையில் வந்து பார்த்தால் சேர்வர் செத்த மாதிரிக் கிடக்கும். நட்டில், சேர்வர் நின்றபிறகு யூபிஎஸ் வெளியீட்டையும் துண்டிக்கிற கட்டளை இருக்கு. அதை அமைச்சால் கரண்ட் திரும்பும்போது யூபிஎஸ் புதுசாகக் கரண்ட் குடுக்கும், சேர்வர் எழும்பும். மலிவு மொடல் எல்லாத்திலும் இது வேலை செய்யாது. வாங்கின அன்றே பிளக்கைக் கழற்றிச் சோதிச்சுப் பாருங்க.

கடைசியாக, சேர்வரை நிலத்தில் வைக்காதீங்க. மாரி வெள்ளத்துக்கு நாலடி உயரத் தட்டு. மூன்று முள் பிளக், எர்த் சரியாக இருக்கா என்று எலக்ட்ரீசியன் ஒருவரை மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க.

---

படுவான்கரை_14:

எழுவான்கரை அண்ணன் சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் எனக்கு வேறு கருத்து. மாணவர் பாவிக்கிற சேர்வருக்கு எக்ஸ்ட்4ஐ விட இசட்எஃப்எஸ் என்ற பைல் முறைமையின் மிரர் (இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவு) நல்லது. டிஸ்க் உடைவதை விட, பைலை அழிப்பதும் மேலெழுதுவதும்தான் வகுப்பில் கூட நடக்கும். இசட்எஃப்எஸ்சில் மணிக்கொரு ஸ்னாப்ஷொட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்கலாம், மாறின அளவுக்குத்தான் இடம் பிடிக்கும். சம்பாவில் (லினக்ஸ் போல்டரை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருள்) ஷடோ_கொப்பி2 என்ற இணைப்பைப் போட்டால், விண்டோஸில் போல்டரை ரைட் கிளிக் பண்ணி முந்தைய பதிப்புகளில் இருந்து பிள்ளைகளே பைலை மீட்கலாம். உபுண்டுவில் இசட்எஃப்எஸ் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலோடயே வரும். டெபியனில் ஒவ்வொரு கேர்னல் அப்டேட்டுக்கும் மொடியூலைத் திரும்பக் கட்ட வேணும். அதனால் இதைத் தெரிவுசெய்தால் உபுண்டு எடுங்க.

இனிச் சம்பா. முதலில் பயனர். லினக்ஸ் பாஸ்வேர்டும் சம்பா பாஸ்வேர்டும் வேறு வேறு. பயனரை லினக்ஸில் உருவாக்கினபிறகு எஸ்எம்பிபாஸ்வேர்ட் கட்டளையால் திரும்பவும் சேர்க்க வேணும். பயனர் பெயராகச் சுட்டெண்ணைப் பாவித்தால் எஸ் என்ற எழுத்தோடு தொடங்குங்க. வெறும் எண்ணில் பயனர் பெயர் வைக்க விடாது.

பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் ஷெயார் வைக்காதீங்க. விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2இலிருந்து எஸ்எம்பியில் (விண்டோஸ் பைல் பகிர்வு முறை) கையொப்பம் கட்டாயம், கெஸ்ட் இணைப்பில் கையொப்பம் இட ஏலாது. ஆகவே உங்கட நாலு கணினியும் திறக்க மறுக்கும், பத்துக் கணினியும் திறக்கும், காரணம் தெரியாமல் வயரைச் சோதித்துக் கொண்டிருப்பீங்க. உபுண்டுவின் சம்பா அமைப்புப் பைலில் மேப் டு கெஸ்ட் என்ற வரி பேட் யூசர் என்று இருக்கும். அதை நெவர் என்று மாற்றுங்க. இல்லாட்டிப் பெயரைப் பிழையாக அடித்தவரையும் சத்தமில்லாமல் கெஸ்டாக உள்ளே எடுக்கப் பார்க்கும், பிள்ளைக்கு எங்கே பிழை என்று விளங்காது. இன்டர்நெட்டில் பழைய குறிப்புகள் எஸ்எம்பி1ஐ இயக்கச் சொல்லும், கேட்காதீங்க. 2017இல் வானாக்ரை பரவினது அந்த வழியால்தான்.

பாடங்களுக்கு ஒரு ஷெயார்: ரீட் ஒன்லி யெஸ், ரைட் லிஸ்டில் ஆசிரியர் குழு மட்டும். மாணவர் போல்டருக்கு ஹோம்ஸ் பகுதி. அதில் உள்நுழைபவருக்குத் தன் போல்டர் மட்டுமே தெரியும். ஆசிரியர் எல்லாம் பார்க்க, ஹோம் போல்டர்கள் எல்லாம் இருக்கும் இடத்தை ஆசிரியர் குழுவுக்கு மட்டும் இன்னொரு ஷெயாராகக் குடுங்க. அனுமதியை வெறும் 0770 (உரியவருக்கும் குழுவுக்கும் மட்டும்) என்று போட்டால் போதாது. பிள்ளை உள்ளே உருவாக்கும் புதுப் போல்டர் பிள்ளையின் குழுவுக்குப் போகும், உங்களுக்குத் திறக்காது. செட்எஃப்ஏசிஎல் கட்டளையால் ஆசிரியர் குழுவுக்கு அனுமதியும், அதையே டிபோல்ட் ஏசிஎல்லாகவும் (புதிதாக உருவாகும் எதற்கும் தானாகப் போகும் அனுமதிப் பட்டியல்) வைத்து, சம்பாவில் இன்ஹெரிட் ஏசிஎல்ஸ் யெஸ் என்று போடுங்க. இசட்எஃப்எஸ் என்றால் ஏசிஎல்டைப் பண்பைப் போசிக்ஸ் என்று மாற்ற மறக்க வேணாம், அது இல்லாமல் செட்எஃப்ஏசிஎல் வேலை செய்யாது. அமைப்புப் பைலை மாற்றும் ஒவ்வொரு முறையும் டெஸ்ட்பார்ம் ஓட்டிப் பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

தமிழ்ப் பைல் பெயர். டீச்சர் கேட்டது நல்ல கேள்வி, இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. விண்டோஸில் பெயர் நீளம் 255 குறியீடு வரை. லினக்ஸில், எக்ஸ்ட்4 ஆனாலும் இசட்எஃப்எஸ் ஆனாலும், எல்லை 255 பைட். யூடிஎஃப்-8இல் (யுனிகோட் எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் முறை) தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறியீடுதான். அது 85 எழுத்தும் இல்லை. "தொழில்நுட்பம்" என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது 7 எழுத்து. ஆனால் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் 13 குறியீடு, 39 பைட். கிட்டத்தட்ட 45 எழுத்துக்கு மேல் போனால் விண்டோஸில் நன்றாக இருந்த பைல் சேர்வருக்குக் கொப்பி ஆகாது. "2024 உயர்தரம் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் தவணைப் பரீட்சை வினாத்தாள் பகுதி இரண்டு விடைகளுடன் திருத்தியது" மாதிரிப் பெயர்கள் அப்படியே நிற்கும். ஆண்டு, பாடம், பகுதி மூன்றையும் போல்டராகப் பிரித்துப் பெயரைச் சுருக்குங்க.

ஒரே பெயரில் இரண்டு பைல் தெரிந்தால் பயப்பட வேணாம். "கொ"வில் இருக்கும் ஒகர அடையாளத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். சில விசைப்பலகைகளும் பழைய மக் கணினிகளும் இரண்டாகப் பிரித்து எழுதும். கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு வேறு பெயர். கொன்வ்எம்வி என்ற கருவியால் எல்லாவற்றையும் என்எஃப்சிக்கு, அதாவது ஒரே குறியீட்டு வடிவத்துக்கு, மாற்றிவிடலாம்.

பாமினி வினாத்தாள்களுக்குச் சேர்வரால் எந்தக் கெடுதியும் இல்லை, அது வெறும் பைல்தான். ஆனால் பாமினியில் அடித்தது உள்ளே ஆங்கில எழுத்துக் குறியீடுதான் என்பதால் தமிழில் தேடினால் வராது, எழுத்துரு இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும். எழுத்துருவைப் பாட ஷெயாரில் ஒரு போல்டரில் போட்டு வையுங்க. திரும்பத் திரும்ப எடுக்கிற தாள்களை மட்டும் யுனிகோடுக்கு மாற்றுங்க.

பிஎச்பி பழக அப்பாச்சி (இணையச் சேர்வர்), பிஎச்பி, மரியாடிபி (மைஎஸ்கியூஎல்லுக்குப் பதிலான தரவுத்தளம்). யூசர்டிர் மொடியூலை இயக்கினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் ஹோமுக்குள் பப்ளிக்_எச்டிஎம்எல் போல்டரே தன் இணையத்தளம். இங்கே மூன்று தடை அடுத்தடுத்து வரும். 403 (அனுமதி இல்லை) பிழை வந்தால், உபுண்டுவில் ஹோம் போல்டர் 0750 என்பதால் அப்பாச்சி உள்ளே நுழைய ஏலவில்லை. 0755 ஆக்கினால் பிள்ளைகள் ஒருவர் போல்டரை ஒருவர் பார்ப்பார்கள், அதனால் அப்பாச்சியின் பயனருக்கு மட்டும் ஏசிஎல்லால் நுழைவு அனுமதி குடுங்க. அது தீர்ந்ததும் பக்கத்தில் பிஎச்பி ஓடாமல் மூல வரிகளே தெரியும். அப்பாச்சியின் பிஎச்பி அமைப்புப் பைலில், பயனர் போல்டர்களில் பிஎச்பியை நிறுத்தும் ஐந்து வரி இருக்கு. அவற்றைக் கொமென்ட் ஆக்குங்க. மூன்றாவது, மரியாடிபியின் ரூட் பயனர் பாஸ்வேர்டால் திறக்காது, லினக்ஸ் ரூட் ஆக இருந்தால்தான் திறக்கும். அதை மாற்றப் போகாமல், ஆளுக்கொரு தரவுத்தளமும் அதற்கு மட்டும் அனுமதி உள்ள பயனரும் உருவாக்குங்க. 60 பேருக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டில் முடியும்.

மறுகா, பேக்கப். ரெய்ட் 1உம் ஸ்னாப்ஷொட்டும் பேக்கப் ஆகாது. இடி விழுந்தாலோ வெள்ளம் வந்தாலோ எல்லாம் ஒரே பெட்டியோடுதான் போகும். 2 டிபி வெளி ஹாட் டிஸ்க் இரண்டு வாங்குங்க. ஒன்று சேர்வரில், மற்றது வேறு வீட்டில், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மாற்றுங்க. ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் போதும், அது குறியாக்கம் செய்தே எழுதும், பாஸ்வேர்டைக் கடதாசியில் எழுதி நிர்வாகத்திடமும் ஒன்று குடுங்க, தொலைந்தால் தரவும் தொலைந்தது. மரியாடிபி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் பைல்களை நேரே கொப்பி பண்ணினால் திரும்பத் திறக்காமல் போகலாம், முதலில் டம்ப் (தரவுத்தளத்தின் எழுத்து வடிவப் பிரதி) எடுத்து அந்த டம்பைப் பேக்கப் பண்ணுங்க.

வெளி டிஸ்கை எஃப்எஸ்டாபில் (தொடங்கும்போது இணைக்க வேண்டிய டிஸ்க் பட்டியல்) எழுதும்போது நோபெய்ல் என்ற தெரிவைச் சேர்க்காட்டி, டிஸ்க் கழற்றி இருக்கிற நாளில் சேர்வர் 90 செக்கன் காத்திருந்துவிட்டு அவசர நிலையில் நின்றுவிடும். சேர்த்தால் இன்னொரு பொறி: டிஸ்க் இல்லாதபோது பேக்கப் வெறும் போல்டருக்குள் எழுதத் தொடங்கி எஸ்எஸ்டியை நிரப்பும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே அந்த இடம் மவுன்ட் ஆகியிருக்கா என்று பார்க்கச் சொல்லுங்க, இல்லையென்றால் நிற்கட்டும். தவணைக்கு ஒரு முறையாவது ஒரு போல்டரை வேறு கணினியில் மீட்டு, பைலைத் திறந்து பாருங்க.

---

வாவிமீன் (களுவாஞ்சிகுடி):

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. உபுண்டு 24.04, இசட்எஃப்எஸ் மிரர், 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச் எல்லாம் போட்டாச்சு. யூபிஎஸ் பிளக்கைக் கழற்றிச் சோதித்தேன், 10 நிமிசத்தில் சேர்வர் நின்று, கரண்ட் குடுத்ததும் தானாக எழும்பினது. பிஎச்பியும் ஓடுது.

இரண்டு விசயம் பிடிபடவில்லை. ஒன்று, ஒரு மாணவர் எழும்பிப் போய் அடுத்தவர் அதே கணினியில் இருந்தால், முதலாமவருடைய போல்டரே திறக்குது. வேறு பெயரில் திறக்கப் பார்த்தால் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் பெயரில் இணைய ஏலாது என்று 1219 பிழை வருது. மற்றது, பதினொரு கணினியில் கொப்பி வேகம் 100 எம்பிக்கு மேல், மூன்றில் மட்டும் 11 எம்பிக்கு மேல் ஏறுதே இல்லை. மூன்றும் அதே மொடல் கணினிகள்தான்.

---

படுவான்கரை_14:

முதலாவது விண்டோஸின் இயல்பு, டீச்சர். ஒரு விண்டோஸ் அமர்வில் ஒரு சேர்வருக்கு ஒரு பயனர் பெயர்தான். போல்டரை மூடினாலும் இணைப்பு இருக்கும். நெட் யூஸ் கட்டளையில் நட்சத்திரமும் டிலீட்டும் போட்ட ஒரு பெட்ச் பைலை டெஸ்க்டொப்பில் "வெளியேறு" என்ற பெயரில் வையுங்க, எழும்ப முதல் அதை அழுத்தப் பழக்குங்க. அதைவிட உறுதியானது, விண்டோஸில் சைன் அவுட் பண்ண வைப்பது. சான்றுகளை நினைவில் வை என்ற பெட்டியை யாரோ டிக் பண்ணியிருந்தால் இரண்டும் உதவாது. கன்ட்ரோல் பெனலில் கிரெடென்ஷியல் மனேஜரைத் திறந்து 192.168.37.2க்கு உரிய பதிவை அழியுங்க, 14 கணினியிலும்.

உங்களுக்கு மட்டும் ஒரு வசதி: மாணவர் ஐபியால் இணைந்திருக்கும் கணினியில், நீங்கள் சேர்வரின் பெயரால் இணைந்தால் விண்டோஸ் அதை வேறு சேர்வர் என்றே எடுக்கும். பிள்ளையின் வேலையைக் குழப்பாமல் ஆசிரியர் ஷெயாரைத் திறக்கலாம்.

---

சம்மாந்துறை_வயர்:

11 எம்பி என்றால் 100 மெகாபிட்டில் இணைஞ்சிருக்கு என்று எழுதி வைச்ச மாதிரி. சுவிட்சில் அந்த மூன்று போர்ட்டின் லைட் நிறத்தையும் மற்றதையும் ஒப்பிட்டுப் பாருங்க. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 முள் போதும், அதாவது செம்மஞ்சளும் பச்சையும். கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். நீலத்திலோ கபிலத்திலோ ஒரு வயர் தொடாமல் இருந்தால் கணினி குறை சொல்லாமல் 100க்கு இறங்கி ஓடும், இன்டர்நெட் எல்லாம் சரியாகவே இருக்கும், அதனால யாரும் கவனிக்க மாட்டாங்க.

முதலில் வேகமாக ஓடுற கணினியின் கேபிளை இதில் குத்திப் பாருங்க. வேகம் ஏறினால் கேபிள்தான். ஏறாட்டி டிவைஸ் மனேஜரில் நெட்வேர்க் கார்டின் ஸ்பீட் அன்ட் டூப்ளெக்ஸ் ஓட்டோவில் இருக்கா என்று பாருங்க. பாவித்த கணினிகளில் முந்தினவங்க 100 என்று பூட்டி வைச்சிருப்பாங்க. கேபிள் என்றால் டெஸ்டரில் 4, 5, 7, 8 லைட்டைப் பாருங்க. இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் வெட்டாதீங்க. சுவிட்ச் பக்க முனையை வெட்டிப் புது ஆர்ஜே45 போட்டுச் சோதிச்சு, சரிவராட்டி மட்டும் மற்ற முனைக்குப் போங்க. க்ரிம்ப் பண்ண முதல் கனெக்டரின் முன் முகத்தால பாருங்க, எட்டு செம்பு நுனியும் முட்டிக்கொண்டு தெரியணும். ஒன்று உள்ளே நின்றிருந்தாலும் இந்த வருத்தம்தான்.